எட்டு வேற்றுமையும் அக்காவின் புருவமும்

1

போன மாதம் என் மகள் சுதாவின் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. 'வீட்டில் பேசும் மொழி' என்ற கேள்விக்கு நேரே என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு. இங்கிலாந்தில் எதைக் கேட்டாலும் அந்த நீளத்துக்குள்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

"இங்கிலீஷ்னு போட்டு அனுப்பு" என்றார் என் வீட்டுக்காரர். அதை அவர் தெலுங்கில் சொன்னார். நான் தமிழில் "முடியாது" என்றேன். அருப்புக்கோட்டை நெசவுக்காரத் தெருவில் பிறந்த எங்களுக்கு வீட்டுப் பேச்சு தெலுங்கு, சண்டைக்குத் தமிழ். பன்னிரண்டு வயது சுதா எங்கள் இருவருக்கும் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தாள். அந்தக் கோட்டில் மூன்று மொழிகளையும் நெருக்கி எழுதி, நான்காவதாக 'பெரியம்மா மொழி' என்று சேர்த்தாள்.

படிவம் திரும்பி வந்தது. பின்னாலேயே தலைமையாசிரியை எங்களை அழைத்தார்.

"இந்த நான்காவது மொழி எந்த நாட்டில் பேசப்படுகிறது?"

"எங்கள் தெருவில்" என்றேன். "திருச்சுழிப் பக்கமும் கொஞ்சம் உண்டு."

அவர் உலகப்படப் புத்தகத்தை விரித்துத் திருச்சுழியைத் தேடினார். கிடைக்கவில்லை. "எழுத்து உண்டா?" என்றார். இல்லை என்றேன். "அப்படியானால் பேசிக் காட்டச் சொல்லுங்கள்" என்றார். சுதா புருவத்தை உயர்த்தி, கையை மேஜைப் பக்கம் வீசி, கன்னத்தை உப்பி ஒரு வாக்கியம் சொன்னாள்.

"என்ன சொல்கிறாள்?"

"உங்கள் அறை அழகாக இருக்கிறதாம்" என்றேன். அந்த டப்பாவில் நிறைய பிஸ்கட் இருக்கிறதே, நமக்கு ஒன்று தருவாரா என்றுதான் உண்மையில் அவள் கேட்டாள். மொழிபெயர்ப்பதில் என் நேர்மை அவ்வளவுதான். சிறு வயதிலிருந்தே அப்படி. அதனால் வந்த வினையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

என் அக்கா நாகலட்சுமிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. என்னைவிட மூன்று வயது மூத்தவள். அவளைக் கட்டிய அத்தானுக்கும், அவருடைய தம்பிகள் இருவருக்கும் கேட்காது. திருச்சுழியில் இருக்கும் அத்தானின் சொந்தத்திலும் சில பேர் அப்படி. இத்தனை பேர் இருந்ததால் எங்கள் தெருவில் காது கேட்பவர்களிலும் பாதிப் பேருக்குக் கை பேசும். தறிச் சத்தத்தில் வாயால் பேசித் தொண்டை கட்டிக்கொள்வதைவிட அது சௌகரியமும்கூட.

ஒவ்வொருவருக்கும் கையில் ஒரு பெயர் உண்டு. ஏழு வயதுவரை விரல் சூப்பியதால் என் பெயர் உதட்டில் பெருவிரல். கல்யாணம் ஆகி, கடல் கடந்து, குழந்தை பெற்ற பிறகும் அந்தத் தெருவில் நான் உதட்டுப் பெருவிரல்தான்.

தெருவைத் தாண்டினால் அக்காவுக்கு நான்தான் வாய். வளையல் கடை, ஆஸ்பத்திரி, பஸ்ஸு எல்லாவற்றுக்கும் கூடப் போவேன். "ருக்கு இல்லேன்னா நாகு என்னதான் செய்வா" என்று ஊரே சொல்லும். நானும் அதை நம்பினேன். இருபது வயதில் என்னைக் கட்டிக்கொடுத்து, அறுபதுகளின் நடுவில் லங்காஷயரில் ஒரு மில் ஊருக்கு அனுப்பியபோது, அக்கா இனி ஊமையாகிவிடுவாள் என்று விமானத்தில் அழுதுகொண்டே போனேன்.

3

என் வீட்டுக்காரருக்குப் பருத்தி மில்லில் வேலை. ஒருவர் சம்பளம் போதவில்லை. தறி தெரிந்தவள் என்பதால் அடுத்த வருஷமே நானும் அங்கே சேர்ந்தேன். ஆங்கிலம் எனக்குக் கொஞ்சமும் வராது. ஆனால் மில்லுக்குள் நுழைந்த முதல் நாளே சொந்த ஊருக்கு வந்தது போல் இருந்தது. நூற்றுக்கணக்கான தறிகளின் இரைச்சலில் அந்த ஊர்ப் பெண்களும் சத்தமில்லாமல்தான் பேசினார்கள். உதட்டை அகல விரித்து, நடுநடுவே கையைச் சேர்த்துக்கொண்டு, மூன்று தறிக்கு அப்பால் இருப்பவளிடம் மாமியாரைப் பற்றிப் புகார் சொல்வார்கள். ஒரு மாதத்தில் எல்லோருடைய மாமியாரையும் எனக்குத் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு அறையில், சத்தம் இல்லாத இடத்தில், ஒரு வார்த்தையும் புரியாது.

இப்படி ஆங்கிலத்தை ஒலியே இல்லாமல் கற்றுக்கொண்டேன். ஊருக்குக் கடிதம் அனுப்பத் தபால் ஆபீசுக்குப் போய், கற்றபடியே வாயை அகலமாகத் திறந்து, குரலில்லாமல் "இந்தியாவுக்கு ஒரு தபால்தலை" என்றேன். கவுண்டரில் இருந்த அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, தபால்தலையோடு தன் கைப்பையிலிருந்து ஓர் இருமல் மிட்டாயும் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கொடுத்தார். குரல் வந்த பிறகும் அவரிடம் மட்டும் கொஞ்ச நாள் ஊமையாகவே இருந்தேன். மிட்டாய் நன்றாக இருந்தது.

4

மார்கரெட் எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தாள். பல்கலைக்கழகத்தில் மொழி ஆராய்ச்சி செய்பவள். எந்த வெயிலிலும் மழைக்கோட்டைக் கழற்ற மாட்டாள். மில் பெண்களின் சைகைகளைக் குறித்துக்கொள்ள வந்தவள் என் தறிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"நீ மட்டும் வேறு மாதிரி கையை அசைக்கிறாய். நூல் அறுந்தபோது யாரோடு பேசினாய்?"

"என் அக்காவோடு" என்றேன். அறுந்த நூலை அக்காவிடம் சொல்லித் திட்டுவது என் பழக்கம்.

அதிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் மாலையில் என் சமையலறைக்கு நோட்டோடு வருவாள். 'ஆடு' எப்படி, 'மழை' எப்படி என்று கேட்டவரை சிக்கல் இல்லை. ஒருநாள், "ஆடு செடியைத் தின்றது, ஆடு செடியைத் தின்றதா? இந்த இரண்டுக்கும் கையில் என்ன வித்தியாசம்?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். என் கையில் ஒரு வித்தியாசமும் இல்லை. என் அக்காவின் பேச்சுக்கு இலக்கணமே இல்லை போலிருக்கிறதே! வெள்ளைக்காரி அதை எழுதி அச்சடித்துவிட்டால் அக்காவின் மானம் என்ன ஆவது? சட்டென்று ஆள்காட்டி விரலைக் கொக்கி போல் வளைத்து, "கேள்வி என்றால் கடைசியில் இது வரும்" என்றேன். மார்கரெட்டின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

அந்த மலர்ச்சிக்கு ஆசைப்பட்டுத்தான் கெட்டேன். எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்த எட்டு வேற்றுமையையும் அக்காவின் கைகளில் ஏற்றினேன். 'ஐ'க்குச் சுண்டுவிரல், 'ஆல்'க்கு மணிக்கட்டு. முதல் வேற்றுமைக்கு உருபு இல்லை என்பதால் கையைச் சும்மா வைத்திருந்தேன். அதையும் எழுதிக்கொண்டாள். எட்டாம் வேற்றுமை விளி என்பதால் கையைத் தட்டிக் காட்டினேன்.

மார்கரெட் பேனாவை நிறுத்தினாள். "காது கேட்காதவரைக் கை தட்டியா கூப்பிடுவீர்கள்?"

"மரியாதைக்கு" என்றேன்.

இரண்டு வருஷத்தில் மூன்று நோட்டுகள் நிறைந்தன. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை கேக்கோடு வந்து, பல்கலைக்கழகம் அவளை இந்தியாவுக்கு அனுப்பப் போகிறது என்றாள். நானும் சுதாவும் அவளோடு ஊருக்குப் போகலாம், நான் மொழிபெயர்ப்பாளர். பதினோரு வருஷமாக ஊருக்குப் போக ஏங்கியவள் நான். ஆனால் அக்காவை நேரில் பார்த்தால் என் எட்டு வேற்றுமையும் வெளுத்துவிடுமே என்று அன்று கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

5

வெளிநாட்டுக்காரர் வந்தால் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். ஓர் அலுவலகத்தில் எங்களை இரண்டு நாள் உட்கார வைத்து, மூன்றாம் நாள் ஒரு குமாஸ்தா பேரேட்டை விரித்தார்.

"இந்தம்மா எதுக்கு வந்திருக்காக?"

"கைப்பேச்சு ஆராய்ச்சிக்கு."

"கை என்னது?"

"கையால பேசறது இருக்குல்ல, அத ஆராயறாக."

அவர் தலையாட்டிவிட்டு 'கைரேகை ஆராய்ச்சி' என்று எழுதி முத்திரை குத்தினார். திருத்தச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டுமாம். எழுதியது எழுதியபடியே இருக்கட்டும் என்று வந்துவிட்டோம். நாங்கள் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. வாசலில் பதினைந்து பேர் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். இதுதான் இந்த ஊர் வணக்கம் என்று நினைத்து மார்கரெட்டும் ஒவ்வொருவரிடமும் தன் உள்ளங்கையை நீட்டினாள். பரளச்சியிலிருந்து மாட்டு வண்டியில் வந்த ஒரு பெரியவர் மட்டும் அந்தக் கையைக் கவனமாகப் பார்த்து, "தாயி, ஒனக்கு ஆயுசு கெட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்கரெட் "சூ! சூ!" என்று கூப்பிட, என் அம்மா நாயைத் தேடினாள். இங்கிலாந்துப் பள்ளியில் சுதாவின் பெயர் சூ என்று அவளுக்கு விளக்கவே அரை மணி நேரம் ஆனது. "பெத்த பிள்ளைய நாய வெரட்டுற மாதிரி கூப்பிடுறதுக்கா அம்புட்டுத் தூரம் போனீக?" என்றாள்.

அக்கா உள்ளே நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் எழவில்லை. நான் எதிரே உட்கார்ந்து கையால், "எப்படி இருக்க?" என்றேன். என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

காது கேட்காதவர்கள் கண்ணை மூடினால் கதவைச் சாத்தியது மாதிரி. அதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

"கண்ணை மூடுவதற்கு என்ன பொருள்?" என்று மார்கரெட் நோட்டைத் திறந்தாள்.

"மரியாதை" என்றேன்.

அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனாள். "ஏண்டி, நீ எழுதுற காயிதத்த இங்க சத்தமாத்தான வாசிக்கிறாக? அவளுக்கு என்ன கேக்கும்? கடைசி வரியில 'அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்'னு எழுதுவ. நாங்களும் 'கேட்டா'ன்னு கைய ஒருவாட்டி ஆட்டிவிடுவோம். பதினோரு வருசத்துல அவளுக்கு ஓங்கிட்டயிருந்து வந்தது அம்புட்டுத்தான்."

6

மறுநாள் காலையில் தறிக்கூடத்தில் மார்கரெட் தானே அக்காவின் முன்னால் உட்கார்ந்தாள். அக்காவுக்கு அவள்மேல் கோபம் இல்லை. சிரித்தாள். மார்கரெட் இரண்டு வருஷம் பழகியதை நிதானமாகச் செய்தாள். ஆடு, செடி, தின்றது, கடைசியில் வளைந்த விரல்.

அக்கா அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். பிறகு தாலிக்கயிற்றில் கிடந்த ஊசியைக் கழற்றி, மார்கரெட்டின் விரலில் முள்ளைத் தேட ஆரம்பித்தாள்.

மார்கரெட் என்னைப் பார்த்தாள். இனி மறைக்க இடமில்லை.

"அது நானாகக் கட்டிவிட்டது" என்றேன்.

"வேற்றுமைகள்?"

"எட்டும்."

"கை தட்டுவது?"

"அதுவும்தான்."

"ஏன் ருக்மணி?"

"என் அக்காவின் மொழிக்கு இலக்கணம் இல்லை என்று நீ எழுதிவிடக் கூடாதே என்றுதான்."

அவள் மூன்று நோட்டுகளையும் பையில் வைத்தாள். "இல்லை என்று யார் சொன்னது?" என்று கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனாள். மதியம்வரை என்னோடு பேசவில்லை. உள்ளே அக்கா, வெளியே மார்கரெட். இரண்டு மொழியிலும் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா என் முழங்காலில் தட்டினாள். "அவுக ஏன் எந்திரிச்சுப் போறாக?" அவள் கையால் சொன்னதை இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன்.

"தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன்.

"முழுசாச் சொல்லு."

"அதான் சொன்னேனே."

அக்காவின் கைகள் கிளம்பின. "நீ எப்பவுமே இப்படித்தான்! நான் பத்துச் சொன்னா நீ ரெண்டுதான் சொல்லுவ. அன்னிக்கி டாக்டர்கிட்ட, சாப்பிட்ட பெறகு வலது பக்கம் வலிக்குது, முதுகுக்குப் போகுது, நேத்துக் கூடுதல்னு அம்புட்டும் சொன்னேன். ஓன் வாய் ஒருவாட்டி தெறந்து மூடுச்சு. வயித்து வலின்னுதான சொன்ன? நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்! நீ போன பெறகு கம்பவுண்டர் அவுகளே கைப்பேச்சு கத்துக்கிட்டாக. வளையல் கடைக்காரரும் கத்துக்கிட்டாரு. நீ போனது ஒரு வகைக்கு நல்லதாப் போச்சு."

பதினோரு வருஷமாக நான் சுமந்த குற்ற உணர்ச்சி இப்படியா இறங்க வேண்டும்?

"இனிமே சுருக்காத" என்றாள். "நீ போன நாள்லயிருந்து சொல்லு."

சொன்னேன். மூன்று நாள் சொன்னேன். மில், குளிர், சுதா பிறந்தபோது பிரசவ வார்டில் மொழி தெரியாமல் கிடந்தது, இருமல் மிட்டாய், எல்லாம். நடுநடுவே அக்கா எட்டி என் புருவத்தை விரலால் மேலே தூக்கிவிட்டாள். "இங்க தூக்கு! நீ கேக்குறியா, சொல்றியா? ஒண்ணும் வெளங்கல. ஓன் மூஞ்சி ஏன் இப்படிச் சுவராட்டம் ஆகிப்போச்சு?"

கோபம் தணிந்து திரும்பி வந்து வாசற்படியில் நின்றிருந்த மார்கரெட் அதைப் பார்த்துவிட்டாள். இலக்கணம் முழுக்க முகத்தில் இருந்தது. புருவம் ஏறினால் கேள்வி, கன்னம் உப்பினால் நிறைய, உதடு பிதுங்கினால் இல்லை. இங்கிலாந்தில் முகத்தை அசைக்காமல் பேசுவதுதான் நாகரிகம் என்று நான் அத்தனையையும் தொலைத்திருந்தேன். மார்கரெட் புது நோட்டை எடுத்தாள். முதல் பக்கத்தில் என்னைப் பற்றி எழுதியதை எட்டிப் பார்த்தேன்: 'தகவலாளி சரளமாகப் பேசுபவர் அல்லர். உச்சரிப்பு மோசம்.'

சுதாவுக்கு மட்டும் இந்தச் சிரமம் இல்லை. எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகளிடம் தெலுங்கும் வராமல் தமிழும் வராமல் ஒதுங்கி நின்றவள், பத்தே நாளில் பெரியம்மாவோடு சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். சாயத் தொட்டியைக் கண்டு மூக்கைப் பிடித்ததால் அவளுக்கு மூக்கைப் பிடிப்பதே பெயரானது. சூ என்பதற்கு அது எவ்வளவோ தேவலை என்று அம்மா சொன்னாள்.

7

கடைசி வாரத்தில் மார்கரெட் அக்காவிடம் ஒரு வாக்கியம் கேட்டாள்: 'என் தங்கை இங்கிலாந்தில் இருக்கிறாள்.'

அக்கா உதட்டில் பெருவிரலை வைத்தாள். அடுத்து நீண்ட கை காற்றிலேயே நின்றுவிட்டது.

"எங்கிட்டு?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் பேச்சில் கண்ணெதிரே இல்லாத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அவர் இருக்கும் திசையைக் காட்ட வேண்டும். அத்தானின் அம்மா என்றால் திருச்சுழிப் பக்கம், சந்தைக்குப் போனவர் என்றால் சந்தைப் பக்கம். திசை இல்லாமல் வாக்கியம் தொடங்காது.

"இத்தனை வருசமா என்னைப் பத்தி எப்படிப் பேசுன?" என்று கேட்டேன்.

"பஸ் ஸ்டாண்டக் காட்டுனேன். அங்கதான நீ ஏறுன. வேற எங்கன்னு எனக்கு யாரு சொன்னா?"

பதினோரு வருஷமாக நான் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டிலேயே இருந்திருக்கிறேன். அங்கேயே குழந்தை பெற்று, அங்கேயே மில்லுக்குப் போய்க்கொண்டு.

மார்கரெட் பையிலிருந்து ஒரு திசைகாட்டியும் உலகப்படமும் எடுத்தாள். படத்தைத் தரையில் விரித்து ஒரு நூலை இழுத்துப் பிடித்து, கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு ஓட்டுக்கு மேலே கையைக் காட்டினாள்.

"அது மல்லாங்கிணறு போற பக்கமுல்ல?" என்றாள் அம்மா. "மல்லாங்கிணத்துக்கு அங்கிட்டா இங்கிலாந்து? இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?"

அக்கா எழுந்து முற்றத்தில் நின்றாள். அந்த ஓட்டுக் கூரையைப் பார்த்தாள். உதட்டில் பெருவிரல், பிறகு மல்லாங்கிணற்றுக்கும் மேலே, நீண்ட தூரம் என்பதற்குக் கன்னத்தை உப்பிக் கை. "தங்கச்சி அங்கிட்டு இருக்கா." திரும்ப ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். நான் அவளுக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

இங்கிலாந்துக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்குத் தெருவே வந்திருந்தது. இன்ஜின் சத்தத்தில் அம்மா கத்தியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. சுதா மட்டும் ஜன்னலுக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டி அக்காவோடு பேசிக்கொண்டே இருந்தாள். "பாப்பா, கைய உள்ள போடு! எழுதிப் போட்டிருக்குல்ல?" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். பேசாதே என்று ஒரு பிள்ளையிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

பஸ் கிளம்பிக் கடைத்தெருப் பக்கம் வளைந்தது. ஜனங்கள் எல்லோரும் பஸ்ஸைப் பார்த்துக் கை அசைத்தார்கள். அக்கா மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, மல்லாங்கிணற்றுப் பக்கம் வானத்தில் கையை நீட்டிப் பக்கத்தில் நின்ற அத்தானிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

கண்டக்டருக்குச் சிரிப்பு வந்தது. "பாவம், பஸ்ஸு இங்கிட்டுப் போகுது, அந்தம்மா எங்கிட்டோ காட்டுதே!"

"இல்லைங்க" என்றேன். "அவுக சரியாத்தான் காட்டுறாக."